நீண்ட தூர ஓரியன்டியரிங்: பாதி தாண்டினதும் மூளை நின்றுபோகிறது, என்ன செய்வது?

புதுக்காலடி:

வணக்கம். வரைபடமும் காம்பஸும் வைத்துக்கொண்டு காட்டில் கொடிகளைத் தேடி ஓடுகிற இந்த ஓரியன்டியரிங்கில் இரண்டு வருடமாக நடுத்தர தூரம்தான் ஓடுகிறேன். 5, 6 கி.மீ., பதினைந்து பதினாறு கன்ட்ரோல் (வரிசையாகத் தேடிப் போக வேண்டிய கொடி வைத்த இடங்கள்). முடிவுப் பட்டியலில் எப்போதும் நடுவில் எங்கேயாவது என் பெயர் இருக்கும், அதில் எனக்குக் குறையில்லை.

போன மாதம் ஆசைப்பட்டு முதல்முறையாக நீண்ட தூரத்துக்குப் பெயர் கொடுத்தேன். 11.8 கி.மீ., 430 மீட்டர் ஏற்றம், 21 கன்ட்ரோல். முதல் பத்தும் சொல்லிவைத்த மாதிரி கிடைத்தன. 11-க்கு, கொடி எங்கே இருக்கும் என்று சொல்கிற வர்ணனைச் சீட்டில் "பாறை, வடகிழக்குப் பக்கம்" என்று இருந்தது. குன்று ஒரு மூக்கு மாதிரி கீழே இறங்கும், அதன் அடிவாரத்தில் பாறை. மூக்கு இருந்தது, பாறையும் இருந்தது. கொடியை மட்டும் காணோம். பாறையை நாலு தடவை சுற்றினேன். வரைபடம் தப்பு என்றே முடிவு கட்டிவிட்டேன். 22 நிமிடம் கழித்துத்தான் புரிந்தது, நான் நின்றது பக்கத்து மூக்கில். 250 மீட்டர் தள்ளி அச்சு அசலாக இன்னொன்று இருக்கிறது, அதன் அடியிலும் ஒரு பாறை.

அதற்கப்புறம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான். வரைபடத்தைப் பார்க்கிறேன், கோடுகள் தெரிகின்றன, அர்த்தம் தெரியவில்லை.

இன்னும் எட்டு வாரத்தில் அடுத்தது: 14.2 கி.மீ., 560 மீட்டர் ஏற்றம், 24 கன்ட்ரோல், நாலு மணி நேர வரம்பு. வரைபடம் 1:15,000. நான் இதுவரை 1:10,000-ல்தான் ஓடியிருக்கிறேன். இந்த எட்டு வாரத்தை ஓட்டத்துக்குச் செலவழிக்கட்டுமா, வரைபடத்துக்கா?

ஓடிப்பார்:

ஓட்டத்துக்கு. வாரத்தில் ஒரு நாள் இரண்டரை மணி நேரம் காட்டுத் தரையில், ஒரு நாள் மேடு ஏறி இறங்குவது. மூளை நிற்பதற்குக் காரணம் மூளை இல்லை, கால். இதயம் 175-ல் அடித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் வரைபடத்தில் மேடு பள்ளத்தைக் காட்டுகிற சமவுயரக் கோடு படிக்க வராது. அதே வேகம் உங்களுக்கு 150-ல் வந்துவிட்டால் தானாகவே படிக்க முடியும்.

மேட்டுக்கோடு:

ஓடிப்பார் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பிப் போனால் தப்பான பாறைக்கு இன்னும் சீக்கிரமாகப் போய்ச் சேர்வீர்கள், அவ்வளவுதான்.

உங்களுக்கு 11-ல் நடந்ததற்கு இணைத்தவறு என்று பெயர். பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு இடம் இருக்கும்போது தப்பான ஒன்றில் நின்றுகொண்டு, கண்ணில் படுவதையெல்லாம் சரியானதோடு பொருத்திப் பார்ப்பது. மனது இதில் பலே கில்லாடி. மூக்கு இருக்கிறதா, டிக். பாறை இருக்கிறதா, டிக். சதுப்பு இருக்க வேண்டுமே, காணோமே? "வெயிலில் காய்ந்திருக்கும்" என்று அதற்கும் ஒரு டிக். பொருந்தாத ஒன்றைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வந்தால்தான் இது போகும். அந்த இடத்தில் ஒரே ஒரு நொடி காம்பஸைப் பார்த்திருந்தால் மூக்கு எந்தத் திசையில் இறங்குகிறது என்று தெரிந்திருக்கும். இரண்டு மூக்கும் கொஞ்சம் வேறு வேறு திசையில் இறங்கினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

1:15,000 பற்றி. 1 செ.மீ. என்பது இனி 100 மீட்டர் இல்லை, 150 மீட்டர். கேட்கும்போது சாதாரணமாக இருக்கும். ஆனால் உங்கள் கண் இரண்டு வருடமாக 1 செ.மீ.க்கு 100 என்று பழகியிருக்கிறது. மூன்று செ.மீ. இருந்தால் 300 மீட்டர் ஓடிவிட்டுத் தேட ஆரம்பிப்பீர்கள், கொடி 450-ல் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முன்னாலேயே நின்றுவிடுவது இதனால்தான். அதனால் செ.மீ. கணக்கை விட்டுவிட்டு வரைபடத்தில் வடக்கைக் காட்டுகிற இணைகோடுகளை, அதாவது வடக்குக் கோடுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போதைய காட்டு வரைபடங்களில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் தரையில் 300 மீட்டர். அதே வரைபடத்தை 1:10,000-க்குப் பெரிதாக்கி அச்சடித்தாலும் கோடுகளும் சேர்ந்தே விரிவதால் 300 மீட்டர்தான். பழைய வரைபடமாக இருந்தால் 500 ஆக இருக்கலாம், முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் காலடிக் கணக்கு. ஒரே கால் தரையில் படுவதை மட்டும் எண்ண வேண்டும். ஓட்டத்தில் 100 மீட்டருக்கு எனக்கு 40 வரும், காடு அடர்த்தியாக இருந்தால் 50. உங்களுடையது என்ன என்று அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் எட்டு வாரத்தில் கைவரும். இதயத் துடிப்பை 175-லிருந்து 150-க்கு இறக்குவது எட்டு வாரத்தில் நடக்கிற காரியமா?

ஓடிப்பார்:

நான் ஒரு கணக்குக் கேட்கிறேன். 22 நிமிடம் போனதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். மொத்தம் எவ்வளவு நேரம் ஆனது, முதலில் வந்தவருக்கு எவ்வளவு? ஸ்பிளிட் (ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் ஆன நேரம்) இருந்தால் போடுங்கள்.

புதுக்காலடி:

முதலில் வந்தவர் 1:31. நான் 3:18. (சிரிக்க வேண்டாம்.) 11-ல் 22 நிமிடம், 17-ல் ஒரு 6 நிமிடம் தேடினேன். மற்ற எதிலும் தொலையவில்லை.

ஓடிப்பார்:

வித்தியாசம் 107 நிமிடம். தொலைந்ததில் போனது 28. மிச்சம் 79 நிமிடம் எங்கே? அது பாறையிலும் இல்லை, மூக்கிலும் இல்லை.

கன்ட்ரோல்31:

79 நிமிடமும் கால்தான் என்று சொல்ல முடியாது. நான் பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கோர்ஸ் போடுகிறவன், அதாவது கன்ட்ரோல்களை எங்கே, எந்த வரிசையில் வைப்பது என்று தீர்மானிக்கிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் தூரம். 14.2 கி.மீ. என்று நாங்கள் போடுவது கன்ட்ரோலுக்குக் கன்ட்ரோல் நேர்கோட்டில் அளந்தது. காட்டில் யாரும் நேர்கோட்டில் போக முடியாது. 17, 18 கி.மீ. ஓட வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க, சாப்பிட, நேர வரம்பு எல்லாவற்றுக்கும் அந்த எண்ணைத்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, நீண்ட தூரம் என்பது நடுத்தர தூரத்தை இழுத்து நீட்டியது இல்லை. நடுத்தர தூரத்தில் கன்ட்ரோலைக் கண்டுபிடிப்பது கஷ்டம். இதில் கன்ட்ரோலுக்குப் போகும் வழியைத் தேர்ந்தெடுப்பது கஷ்டம். ஒன்றரை, இரண்டு, சில சமயம் மூன்று கி.மீ.க்கும் மேல் ஒரே லெக் (ஒரு கன்ட்ரோலிலிருந்து அடுத்தது வரை) வைப்போம். நான் கோர்ஸ் போட உட்கார்ந்தால் முதலில் வரைவது அந்த நீண்ட லெக்கைத்தான். மற்றவை எல்லாம் ஓட்டக்காரரை அதன் வாசலில் கொண்டுபோய் விடுவதற்கும், அது முடிந்ததும் வெளியே கொண்டுவருவதற்கும்.

நீண்ட லெக்கில் குன்றின் மேலே ஏறிப் போவதா, சுற்றிப் போவதா என்று வந்தால் ஒரு மோட்டாக் கணக்கு இருக்கிறது: ஒரு மீட்டர் ஏற்றத்துக்குப் பத்து மீட்டர் சமதரை. 100 மீட்டர் ஏறினால் ஒரு கி.மீ. கூட ஓடியதற்குச் சமம். அதோடு வரைபடத்தில் காட்டின் நிறத்தையும் பார்க்க வேண்டும். வெள்ளைக் காட்டில் உங்கள் வழக்கமான வேகம் வரும். இளம்பச்சையில் அதில் 60 முதல் 80 சதவீதம். நடுப்பச்சையில் 20 முதல் 60. அடர்பச்சையில் 20-க்கும் கீழே, அதாவது முட்டிமோதிப் போவது. ஐம்பது மீட்டர் அடர்பச்சையைத் தவிர்க்க 200 மீட்டர் சுற்றினாலும் லாபம்தான்.

மூன்றாவதுதான் உங்கள் 79 நிமிடம். கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டியிருந்தீர்களா? வரைபடம் காட்டாத கடிகாரம் என்றால் பெரும்பாலான போட்டிகளில் பதிவுக்கு மட்டும் கட்டிக்கொள்ள விடுவார்கள். கட்டியிருந்தால், நின்ற நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். தொலைந்த நேரம் வேண்டாம். பஞ்ச் செய்துவிட்டு (வந்து சேர்ந்ததைக் கன்ட்ரோலில் அட்டையில் பதிந்துவிட்டு), அடுத்தது எங்கே என்று வரைபடத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற நேரம்.

புதுக்காலடி:

கூட்டினேன். 11, 17 இரண்டையும் விட்டுவிட்டுக் கூட்டினாலும் 19 நிமிடம் வருகிறது. கன்ட்ரோலுக்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம். எனக்கு நின்றதாகவே ஞாபகம் இல்லை!

கன்ட்ரோல்31:

யாருக்கும் ஞாபகம் இருக்காது. தொலைந்துபோனது வலிக்கும், அதனால் மனதில் நிற்கும். நின்றுகொண்டிருந்தது ஓய்வு மாதிரி சுகமாக இருக்கும், அதனால் மறந்துபோகும்.

நல்ல ஓட்டக்காரர் ஒருவர் கன்ட்ரோலுக்கு வருவதை ஒருநாள் ஓரமாக நின்று பாருங்கள். சீட்டில் கொடியின் எண்ணைச் சரிபார்ப்பது இருபது மீட்டருக்கு முன்பே முடிந்திருக்கும். வரைபடம் ஏற்கெனவே அடுத்த லெக்குக்கு மடித்திருக்கும், கட்டைவிரல் அடுத்த புறப்பாட்டின் மேல் இருக்கும். பஞ்ச் பீப் என்று கத்தும்போதே உடம்பு திரும்பியிருக்கும், கை மட்டும்தான் பின்னால் இருக்கும். அவர் அந்த லெக்கை எப்போது படித்தார்? முந்தைய லெக்கில் பாதையோ வேலியோ ஓரமாக ஓடிய ஐந்நூறு மீட்டர் இருந்ததே, அங்கே.

ஓடிப்பார்:

சரி, 79-ல் 19 போனாலும் 60 நிமிடம் இருக்கிறது. அது கால்தான். என் கட்சி இன்னும் தோற்கவில்லை.

நடைக்காரி:

தம்பி, எனக்கு 58 வயது. ஓடமாட்டேன், நடப்பேன். இறக்கத்தில் மட்டும் கொஞ்சம் ஓடுகிற மாதிரி நடிப்பேன். என் பிரிவில் ஓடுகிறவர்கள் பல பேரை முந்தி வந்திருக்கிறேன், நிற்காததால்தான். நடந்துகொண்டே படிப்பதற்கு வீட்டில் பழகலாம். பழைய வரைபடம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள். ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் அடுத்த லெக்கை ஒரே மூச்சில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "ஓடையை இடது கையில் வைத்துக்கொண்டு வேலி மூலை வரை, அங்கிருந்து தென்கிழக்கே மேடேறினால் இரண்டாவது மடிப்பில் கொடி." சொல்லும்போது மூச்சு வாங்கினாலும் பரவாயில்லை, குழம்பக் கூடாது. இரண்டே வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

மூளை நிற்பது பற்றி: அது ஒரே நொடியில் நிற்காது, சொல்லிவிட்டுத்தான் நிற்கும். என்னுடைய அறிகுறி, காம்பஸைப் பார்ப்பதை விட்டுவிடுவேன். அடுத்தது, மற்றவர்கள் மேல் காரணமில்லாமல் கோபம் வரும். கோர்ஸ் போட்டவரை மனதுக்குள் திட்ட ஆரம்பித்துவிட்டேன் என்றால் உடம்பில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். (கன்ட்ரோல்31 மன்னிக்கவும்.) பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் காலதாமதம். முதல் அரை மணியிலிருந்தே அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பார்கள், நான் அந்த முப்பதோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் போனால் என் வயிறு சண்டைக்கு வரும். எதுவானாலும் பயிற்சியில் சாப்பிட்டுப் பார்த்ததை மட்டும் எடுத்துப் போங்கள்.

தொலைந்துபோனால் உட்கார்ந்துவிடுங்கள், சும்மா சொல்லவில்லை. நின்றால் கால் எங்காவது போகச் சொல்லும். உட்கார்ந்து, கடைசியாக எங்கே நிச்சயமாக இருந்தோம் என்பதிலிருந்து ஆற அமர யோசியுங்கள். பதறாத காரியம் சிதறாது.

மேட்டுக்கோடு:

உட்காருவதை நான் வழிமொழிகிறேன். ஒரு நிமிடம் உட்கார்ந்தும் தெரியவில்லையென்றால், ஏமாற்றாத பெரிய அடையாளம் ஒன்றுக்குத் திரும்பிப் போய்விடுங்கள். பாதைச் சந்திப்பு, ஏரிக்கரை, மின்கம்பி வரிசை, இப்படி. கௌரவம் பார்க்காதீர்கள்.

இன்னொன்று விட்டுப்போச்சு. லெக்கைப் போக்குவரத்து விளக்கு மாதிரி பிரித்துக்கொள்ளுங்கள். கன்ட்ரோலுக்குப் பக்கத்தில் எளிதில் கண்ணில் படுகிற ஓர் அடையாளத்தை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். அதை அட்டாக் பாயிண்ட் என்போம். தூரத்தில் இருக்கும்வரை பச்சை, கண்மூடி ஓடலாம். நெருங்க நெருங்க மஞ்சள். அட்டாக் பாயிண்டிலிருந்து கொடி வரை சிவப்பு, அந்த நூறு நூற்றைம்பது மீட்டரில் வேகத்தைக் குறைத்து, காம்பஸும் காலடிக் கணக்கும் சேர்த்துப் போக வேண்டும். களைத்தவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். பச்சையில் தயங்கித் தயங்கிப் போவார்கள், கொடி பக்கத்தில் என்றதும் பாய்வார்கள்.

ராத்தவளை:

பகலிலேயே இவ்வளவு பேச்சா! ஒருமுறை ராத்திரி ஓடிப் பாருங்கள். ஹெட்லாம்ப் வெளிச்சத்துக்கு வெளியே உலகமே இல்லை. தூரத்துக் குன்றைப் பார்த்துத் திசை பிடிக்கிற வித்தையெல்லாம் செல்லாது. காம்பஸ், காலடி, சமவுயரக் கோடு மூன்றும்தான். ஒரு மாதம் ராத்திரி ஓடினால் பகலில் வரைபடம் சின்னப்பிள்ளைப் புத்தகம் மாதிரி தெரியும்.

ஸ்வீடனில் தியோமிலா என்று ஒரு ரிலே, 1945-லிருந்து நடக்கிறது. பெயருக்குப் பத்து மைல் என்று அர்த்தம், ஆனால் அவர்கள் மைல் 10 கி.மீ. ஆண்கள் பிரிவில் பத்துப் பேர் அடுத்தடுத்து ராத்திரி முழுக்க ஓடுவார்கள். பின்லாந்தில் யுகோலா, 1949-லிருந்து. ஜூன் மாதம், ராத்திரி 11 மணிக்குப் புறப்பாடு, அணிக்கு ஏழு பேர். ஆயிரக்கணக்கான ஹெட்லாம்ப் ஒரே நேரத்தில் காட்டுக்குள் நுழைகிற காட்சியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள்.

நீண்ட நேரம்தான் வேண்டுமென்றால் ரோகெய்னிங் இருக்கிறது. 24 மணி நேரம், இரண்டிலிருந்து ஐந்து பேர் வரை ஓர் அணி, பிரியவே கூடாது. எந்தக் கன்ட்ரோலை எந்த வரிசையில் எடுப்பது என்பது உங்கள் இஷ்டம், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி மதிப்பு. நேரம் தாண்டி வந்தால் புள்ளி கழிப்பார்கள், அரை மணிக்கு மேல் தாண்டினால் எல்லாம் போச்சு. 1976-ல் ஆஸ்திரேலியாவில் பிறந்தது. ராட், கெய்ல், நீல் என்று மூன்று பேர் பெயரின் முன்பாதியை ஒட்டி வைத்த பெயர். என் அனுபவத்தில் விடிகாலை மூன்று மணிக்கு அணியில் ஒருவராவது அழுவார்.

ஓடிப்பார்:

தவளையாரே, அவர் கேட்டது 14 கி.மீ. நீங்கள் 24 மணி நேரத்துக்கு இழுக்கிறீர்கள்.

புதுக்காலடி:

இல்லை, ராத்திரி ஓட்டம் நல்ல யோசனை. வாரம் ஒருநாள் முயற்சி செய்கிறேன்.

இன்னொரு சந்தேகம், கேட்கவே கூச்சமாக இருக்கிறது. 14, 15-ல் எனக்கு எதுவும் புரியாதபோது முன்னால் ஒருவர் தெளிவாகப் போய்க்கொண்டிருந்தார். அவர் பின்னாலேயே போய்விட்டேன். இது தப்பா?

கன்ட்ரோல்31:

தனித்தனியாகப் புறப்படுகிற போட்டியில் வேண்டுமென்றே பின்தொடர்வது விதிக்குப் புறம்பு. உலகப் போட்டியில் நீண்ட தூரத்துக்கு மூன்று நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புவதே இதற்காகத்தான். அதையும் மீறி ஒட்டிக்கொள்கிறவர்களைப் பிரிக்க நாங்கள் வண்ணத்துப்பூச்சி போடுவோம். ஒரே கன்ட்ரோலிலிருந்து இரண்டு வளையம் கிளம்பி அங்கேயே திரும்பி வரும். உங்களுக்கு இடது இறக்கை முதலில், முன்னால் போகிறவருக்கு வலது. பின்னாலேயே போனவர் தப்பான கொடியில் போய் நிற்பார். ரிலேயில் எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவதால் அங்கேயும் இதே மாதிரி கோர்ஸைப் பிரித்துக் கொடுப்போம்.

விதியை விடுங்கள். அவர் போகிறது உங்கள் கோர்ஸ்தானா என்று உங்களுக்குத் தெரியாதே.

நடைக்காரி:

எண்ணைச் சரிபார்ப்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. 134-க்குப் பதில் 143-ல் பஞ்ச் செய்துவிட்டு மூன்று மணி நேரம் சந்தோஷமாக நடந்து வந்தவள் நான். முடிவிடத்தில் அட்டையைச் செருகியதும் இயந்திரம் துப்பிய சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். களைப்பில் எண்ணின் இலக்கங்கள் இடம் மாறித்தான் தெரியும். நான் இப்போது ஒவ்வொரு கொடியிலும் எண்ணை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் பஞ்ச் செய்கிறேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

புதுக்காலடி:

கடைசியாக ஒன்று. எப்போது நிறுத்திக்கொள்வது? நாலு மணி வரம்பு இருக்கிறது, பாதியில் விட்டால் அசிங்கமாக இருக்குமோ என்று...

மேட்டுக்கோடு:

ஓர் அசிங்கமும் இல்லை. ஆனால் விட்டாலும் முடிவிடத்துக்கு வந்து அட்டையைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நேராக வண்டி ஏறி வீட்டுக்குப் போய்விட்டால் உங்களை இன்னும் காட்டுக்குள் இருக்கிறீர்கள் என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தேடுவார்கள். விசில் கட்டாயம். ஆபத்து என்றால் நிமிடத்துக்கு ஆறு தடவை ஊதி, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி ஆறு.

கணுக்கால் புரண்டு வலி கூடிக்கொண்டே போனால் விட்டுவிடுங்கள். குளிர்ந்து உடம்பு நடுங்க ஆரம்பித்தால் யோசிக்கவே வேண்டாம். வெறும் களைப்பு, வெறுப்பு என்றால் அடுத்த கன்ட்ரோல் வரை போய்ப் பாருங்கள்.

அடிபட்டவரைப் பார்த்தால் உங்கள் போட்டி அங்கேயே நின்றுவிடும். உதவுவது விதியிலேயே கடமை. 2009-ல் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்ஸில் உலகப் போட்டி ரிலே. ஸ்வீடனின் மார்டின் யோஹான்சன் தொடையில் மரக்கிளை ஆழமாகக் குத்திவிட்டது. முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த பிரான்சின் தியெரி கியோர்ஜியூ, நார்வேயின் ஆண்டர்ஸ் நூர்ட்பெர்க், செக் நாட்டின் மிஹால் ஸ்மோலா மூன்று பேரும் ஓட்டத்தை விட்டுவிட்டு அவரோடு நின்றார்கள். தங்கம் ஸ்விட்சர்லாந்துக்குப் போனது.

ராத்தவளை:

கியோர்ஜியூ அந்த நேரத்தில் பதக்க ஓட்டத்தில் இருந்தவர். எனக்கு அந்த நிகழ்ச்சியை எப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கும்.

புதுக்காலடி:

ஒன்பது வாரம் கழித்து வருகிறேன். போட்டி முடிந்தது.

3:09. முதலில் வந்தவர் 1:44. தொலைந்த நேரம் 16-ல் மட்டும், 9 நிமிடம். நின்ற நேரம் மொத்தமாக 7 நிமிடம். 19-லிருந்து 7! கடிகாரத்தில் 17.5 கி.மீ. காட்டுகிறது, கன்ட்ரோல்31 சொன்ன மாதிரியே.

8-லிருந்து 9-க்குப் போகிற லெக்தான் கோர்ஸின் உயிர். நேர்கோட்டில் 2.7 கி.மீ., நடுவில் ஒரு குன்று, 110 மீட்டர் ஏற்றம். தெற்கே சுற்றினால் பாதை, 3.6 கி.மீ., ஏற்றம் 30 மீட்டர். கணக்குப் போட்டால் மேலே போவது 3.8, சுற்றிப் போவது 3.9. சமம்தான். வழக்கமாக நான் மேலே ஏறியிருப்பேன், அதில் ஒரு வீரம் இருக்கிறது இல்லையா. இந்தத் தடவை சுற்றினேன். பாதையில் தடுக்கி விழ எதுவும் இல்லை, அந்த இருபது இருபத்தைந்து நிமிடத்தில் 9, 10, 11, 12 நாலு லெக்கையும் படித்துவிட்டேன். மாடிப்படியில் சொன்ன மாதிரி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன். எதிரில் வந்த ஒருவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் நாலு கன்ட்ரோலில் நான் நிற்கவே இல்லை. பீப், திரும்பு, ஓடு. அந்த நாற்பது நிமிடம் எனக்கு இந்த விளையாட்டு ஏன் பிடிக்கும் என்று புரிந்தது.

16-ல் அதே பழைய கதை. மேட்டுக்கோடு எச்சரித்தும் முன்னாலேயே நின்றுவிட்டேன். வடக்குக் கோட்டை எண்ணாமல் செ.மீ. பார்த்தேன். களைத்ததும் பழைய கண் திரும்பி வந்துவிட்டது.

கடைசி 4 கி.மீ. மேடு எல்லாமே நடைதான். தொடை கேட்கவில்லை.

ஓடிப்பார்:

வாழ்த்துகள்! இப்போது என் கணக்கு. 189 நிமிடத்தில் தொலைந்ததும் நின்றதும் 16. மீதி 173 நிமிடத்தில் 17.5 கி.மீ., அதாவது கி.மீ.க்குப் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைய. போன தடவை எத்தனை கி.மீ. காட்டியது?

புதுக்காலடி:

15.1.

ஓடிப்பார்:

அப்போது 198-ல் 47 கழித்தால் 151 நிமிடம். அதுவும் கி.மீ.க்குப் பத்து நிமிடம். உங்கள் ஓட்டம் இம்மியளவும் மாறவில்லை! கோர்ஸ் இரண்டரை கி.மீ. கூடியும் ஒன்பது நிமிடம் முன்னால் வந்துவிட்டீர்கள், அத்தனையும் தலையில் சம்பாதித்தது. நான் தோற்றேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சுரங்கத்தில் இனி 16 நிமிடம்தான் மிச்சம். முதல் ஆளோடு இருக்கிற மற்ற 69 நிமிடத்துக்கு என்னிடம்தான் வர வேண்டும். செவ்வாய்க்கிழமை மேடு.

மேட்டுக்கோடு:

இதை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை. எட்டு வாரத்தில் நடக்காது என்றுதான் சொன்னேன், எட்டு மாதத்தில் நடக்காது என்று சொல்லவில்லை.

நடைக்காரி:

தம்பி, 16-ல் உட்கார்ந்தீர்களா?

புதுக்காலடி:

உட்கார்ந்தேன் அக்கா. ஐந்தாறு நிமிடம் சுற்றிவிட்டு, தூரம் தப்பு என்று உறைத்ததும் இன்னும் நூறு மீட்டர் முன்னால் போய், ஒரு பாறையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஜெல்லைப் பிரித்து, வடக்குக் கோட்டை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் பீப் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் பாறைக்கு அந்தப் பக்கம் சின்னப் பள்ளத்தில் கொடி, ஒரு சிறுவன் பஞ்ச் செய்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். பன்னிரண்டு வயதுதான் இருக்கும்.

எண்ணை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் பஞ்ச் செய்தேன்.